வீட்டு வைஃபையைப் பங்கு போடும்போது வரும் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடுகளுக்கு வைஃபை, கேமரா போட்டுக் கொடுக்கிறேன். "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி, ஒரு எட்டு வந்து பாரு" என்று போன் வராத வாரம் கிடையாது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் லைன் நன்றாகத்தான் இருக்கும். ஒரே லைனை ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் சிக்கல் இருக்கும். அது தெரியாமல் மாதாமாதம் கூடுதலாகக் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். அங்கேயும் அதே தொல்லை தொடர்கிறது. அந்தப் பணம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். படம் டவுன்லோடு செய்தால் 11, 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. வழியில் கொஞ்சம் கழியும். ஆகவே 11, 12 வந்தால் உங்கள் லைன் முழுசாக வருகிறது என்று அர்த்தம்.

கோளாறு லைனிலா, ரவுட்டரிலா, வைஃபையிலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். பிளானில் சொன்ன வேகம் கிட்டத்தட்ட வந்தால் லைன் சரி. வரவில்லை என்றால் கேபிள், ரவுட்டர், வெளியே இருந்து வரும் லைன், இந்த மூன்றில் ஒன்று.

அடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டு அதே லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து வைஃபையில் எடுங்கள். அப்புறம் தொல்லை வருகிற அறையில் எடுங்கள். மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேபிளில் 95, ரவுட்டர் பக்கத்தில் 90, படுக்கையறையில் 8 என்று வந்தால் நடுவில் இருக்கும் சுவர்தான் காரணம். பிளானை மாற்றுவதால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

மூன்று எண்ணும் நன்றாக இருந்து, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது மட்டும் தடுமாறினால் அதற்கு வேறு சோதனை இருக்கிறது. கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து பிங் (ping) 192.168.1.1 என்று ஓட விடுங்கள். ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும். பல ரவுட்டர்களின் முகவரி அதுதான். உங்களுடையது வேறாக இருந்தால் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். இன்னொரு திரையில் பிங் 8.8.8.8, அது வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. முதலாவது வீட்டுக்குள் இருக்கும் தூரம், இரண்டாவது வெளியே போய் வரும் தூரம். ரவுட்டருக்கே 100, 200 மில்லிசெகண்ட் ஆனால் வைஃபையில் கோளாறு. ரவுட்டருக்கு 2, 3 மில்லிசெகண்டில் பதில் வந்து, வெளியே மட்டும் எகிறினால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

ஸ்பீடு டெஸ்ட்டில் முழு வேகம் வருகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் வீடியோ அனுப்ப ஆரம்பித்தால் எல்லோருக்கும் நின்றுவிடுகிறது. ஏன்?

கூத்தப்பாக்கத்தில் ஒரு வீடு. கீழே அம்மா, அப்பா. மாடியில் மகன், மருமகள். டவுன்லோடு 100, அப்லோடு 20 பிளான். மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை; சாயந்திரமானால் மீட்டிங்கில் குரல் விட்டு விட்டு வருகிறது. "மீட்டிங்ல பேசவே முடியல அண்ணா, தலை குனிய வேண்டியதா இருக்கு" என்றார். லேப்டாப்பில் பிங் ஓட விட்டேன். 9, 10, 9 என்று அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மகன் வேலை முடிந்து வந்தார், வண்டியை நிறுத்தினார், போன் வைஃபையில் ஒட்டியது. அடுத்த நிமிடமே 9 என்பது 180 ஆனது, 400 ஆனது, 640-இல் போய் நின்றது. அவர் போனைத் தொடக்கூட இல்லை. முந்தின வாரம் எடுத்த கல்யாண வீடியோக்களை போட்டோ செயலி தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். வைஃபையில் போனிலிருந்து ரவுட்டருக்கு வேகமாக வரும் டேட்டா, ரவுட்டரிலிருந்து வெளியே 20 எம்பிபிஎஸ் வழியாகத்தான் போக முடியும். மிச்சம் ரவுட்டரின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும்போது பார்த்திருப்பீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு காலியாகத்தான் இருக்கும். ஆனால் லாரிக்குப் பின்னால் மாட்டிய ஸ்கூட்டரும் அதே நேரம் நின்றுதான் ஆக வேண்டும். வீடியோ லாரி, மீட்டிங்கில் நீங்கள் பேசுகிற குரல் ஸ்கூட்டர்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. டவுன்லோடு நடக்கும்போதும் "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்ற சின்னச் சின்ன பதில்கள் அப்லோடு வழியாகத்தான் போக வேண்டும். அவையும் வரிசையில் மாட்டினால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். அதனால்தான் ஒருவர் அனுப்பினால் எல்லோருக்கும் நிற்கிறது.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் வீட்டு லைனிலேயே இதைக் கண்டு, 2010 வாக்கில் விரிவாக எழுதினார். நினைவகம் மலிவானதும் கருவிகளில் வரிசைக்கு இடம் தேவைக்கு மேல் வைத்துவிட்டார்கள். டேட்டாவைத் தவற விடக் கூடாது என்ற நல்லெண்ணமே தாமதமாக மாறிவிட்டது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசையில் ஒரு டேட்டா எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து, அதிக நேரம் ஆனால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புகிறவரை வேகம் குறைக்க வைக்கும் முறை அது. அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை என்பதையும் சேர்த்து வந்ததுதான் எஃப்க்யூ கோடெல்.

சரி, அதை என் ரவுட்டரில் எப்படிப் போடுவது?

ரவுட்டர் செட்டிங்கில் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்று, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். எஸ்க்யூஎம் இருந்தால் அதுதான் நல்லது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் எஃப்க்யூ கோடெல், அதே வேலையைச் செய்யும் கேக் என இரண்டும் கிடைக்கும். கேபிளில் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். அப்லோடு 20 வந்தால் 17 அல்லது 18. "காசு கொடுத்த வேகத்தை நாமே குறைப்பதா?" என்று எல்லோரும் தயங்குவார்கள். அந்த இரண்டு, மூன்று எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கும், அதை ஒழுங்குபடுத்த முடியும். இல்லாவிட்டால் வரிசை நீங்கள் கை வைக்க முடியாத கருவியில் போய் நிற்கும். கூத்தப்பாக்கம் வீட்டில் 17 என்று வைத்த பிறகு, அதே வீடியோக்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 20-ஐத் தாண்டவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையை ரவுட்டரின் பிராசஸர் செய்கிறது. விலை குறைந்த ரவுட்டரில் 300, 400 எம்பிபிஎஸ்ஸுக்கு இதைப் போட்டால் அது திணறி, மொத்த வேகமே குறையும். அப்படியானால் அப்லோடுக்கு மட்டும் போடுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் இந்த வசதியே இல்லை என்றால்?

பல வீடுகளில் இதுதான் நிலைமை. இழுக்கிற இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும். போட்டோ பேக்கப்பை ராத்திரி சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத போனில் பகலில் நிறுத்தி வைத்து, படுக்கும்போது போடுங்கள். விண்டோஸ் கணினியில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பகுதியில் அப்டேட்டுக்கு வேக எல்லை வைக்கலாம். மற்ற கணினிகளோடு பகிர்வதையும் அங்கேயே அணைக்கலாம். இரண்டையும் செய்தாலே பல வீடுகளில் சாயந்திர மீட்டிங் நிம்மதியாக நடக்கிறது.

யார் இழுக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரவுட்டர் செட்டிங்கில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். சில ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்றும் காட்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் பல போன்கள் ரவுட்டர் அடையாளம் காணும் தங்கள் சொந்த முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். அதனால் தெரியாத பெயர் இருந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் திருடுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். எல்லாம் அணைந்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தால் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஆட்களைவிட அதிகம் இழுப்பது கேமரா. இதை நான் கேமரா போடுகிறவனாகவே சொல்கிறேன். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று சுமார் 2 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். நான்கு கேமராவும் நாள் முழுக்க கிளவுடில் பதிந்தால் 8 எம்பிபிஎஸ் அப்லோடு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 86 ஜிபி, மாதத்துக்கு 2,600 ஜிபி அளவுக்கு வரும். பல ஃபைபர் பிளான்களில் மாத எல்லையே 3,300 ஜிபிதான். வீட்டிலேயே ஹார்ட்டிஸ்க்கில் பதியுங்கள், வெளியூரில் இருக்கும்போது மட்டும் போனில் திறந்து பாருங்கள். அசைவு தெரிந்தால் மட்டும் கிளவுடுக்கு அனுப்பும்படியும் வைக்கலாம்.

ஆளுக்கு இத்தனை எம்பிபிஎஸ் என்று கட்டிப்போட்டுவிடலாமா?

முடியும், ஆனால் குடும்பத்துக்குள் வேண்டாம் என்பது என் கருத்து. 100-ஐ ஐந்து பேருக்கு 20, 20 என்று பிரித்தால், நான்கு பேர் வெளியே போயிருக்கும் நேரத்திலும் ஐந்தாவது ஆளுக்கு 20தான். மிச்சம் 80 யாருக்கும் இல்லாமல் போகும். மேலே சொன்ன எஸ்க்யூஎம் முறை, ஆள் இருந்தால் பிரித்துக் கொடுக்கும், இல்லாவிட்டால் இருப்பவருக்கே முழுவதையும் விடும். வாடகைக்குக் குடியிருப்பவர்களோடு பகிரும் இடத்தில் மட்டும் எல்லை வைப்பது நல்லது. வாய்ச் சண்டை வராது.

மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் என் லைனையே கொடுக்கலாமா?

கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்றைத் திறந்து அதைக் கொடுங்கள். அப்போது உங்கள் கேமராவும் கணினியும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் லைன் உங்கள் பெயரில் இருக்கிறது. அதில் யார் என்ன செய்தாலும் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள். கம்பெனியின் விதிமுறையில் வெளியாரோடு பகிரத் தடை இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள். காசுக்கு விற்பது வேறு விஷயம். அதற்குத்தான் 2020 டிசம்பரில் மத்திய அரசு பிஎம் வாணி என்ற பொது வைஃபை திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வாடகைக்காரர் நிரந்தரமாக இருப்பவர் என்றால் தனி லைன் எடுத்துக்கொள்ளச் சொல்வதே இரண்டு பேருக்கும் நல்லது.

புதுச்சேரியில் பழைய வீடு. முன்கூடத்தில் பறக்கிறது, சமையலறையில் சுத்தமாக இல்லை. என்ன செய்வது?

ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கமும் முத்தியால்பேட்டையிலும் இப்படி வீடுகள் நிறைய. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் முற்றம். வெயிலுக்குச் சுகமான அந்தச் சுவர் வைஃபைக்கு எதிரி. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீடுகளோடு நெரிசலும் உண்டு. 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான்; ரவுட்டரை இவற்றில் எது காலியோ அதில் வையுங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

பங்கு போடுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வைஃபையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு சேனலில் ஒருவர்தான் பேச முடியும். சமையலறையில் மங்கலான சிக்னலில் யூடியூப் பார்க்கும் பழைய போன், அதே அளவு டேட்டாவை வாங்க மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் முன்கூடத்தில் இருப்பவரும் காத்திருப்பார். ஆகவே மூலையில் இருக்கும் ஒரு கருவியைச் சரிசெய்தால் வீடு முழுவதும் சரியாகும்.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து முற்றத்தைப் பார்த்தபடி உயரமாக வையுங்கள். முற்றம் வழியாக நிறைய தூரம் போகும். போதவில்லை என்றால் பின்கட்டு வரை ஒரு கேபிள் இழுத்து அங்கே ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் கருவி) மாட்டுங்கள். கடையில் விற்கும் எக்ஸ்டெண்டரை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். கேபிள் இழுக்கவே வழியில்லாத இடத்தில் மெஷ் (ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் பல வைஃபை பெட்டிகள்) வாங்கலாம்.

பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாட்டலாமா?

தாராளமாக. ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் மாட்டுங்கள். அந்த மோடு இல்லை என்றால் அதன் டிஎச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.1.2 போல முதல் ரவுட்டருடன் மோதாத ஒன்றாக மாற்றி, லேன் துளையிலிருந்து லேன் துளைக்குக் கேபிள் போடுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் கீழே இருக்கும் பிரிண்டர் மாடிக்குத் தெரியாது, சில விளையாட்டுகளும் சேராது.

200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். 94-க்கு மேல் ஏறவே இல்லை.

94 என்ற எண்ணைப் பார்த்ததும் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் துளையின் வழியாக அதிகபட்சம் கிடைப்பது அவ்வளவுதான். துளையே பழைய வகையாக இருக்கலாம், அல்லது கேபிளுக்குள் எட்டு கம்பியும் சரியாக ஓடாமல் இருக்கலாம். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்தில் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டில் இதே 94. ஜன்னலோரம் வந்த கேபிளின் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுப் பின்களில் ஏழு தங்க நிறம், கடைசிப் பின்னில் மட்டும் பாசி பிடித்த மாதிரி பச்சை. அதை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் அடித்ததும் 190-ஐத் தாண்டியது. அந்த வீட்டுக்காரர் அதற்கு முன் இரண்டு முறை ரவுட்டரை மாற்றியிருந்தார், அதுதான் எனக்கு வருத்தம். கடலோரத்தில் இருப்பவர்கள் கனெக்டரைக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள், வருஷம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

ராத்திரி 8 மணி முதல் 11 மணி வரை மட்டும் மெதுவாகிறது. அது என் வீட்டுக் கோளாறா?

கேபிளில் செருகிய ஒரே லேப்டாப்பில் எடுத்தாலும் அந்த நேரத்தில் மட்டும் விழுந்தால், உங்கள் வீட்டில் தவறில்லை. வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் ஜிபான் என்ற முறையில் 2.488 கிகாபிட் டவுன்லோடு, 1.244 கிகாபிட் அப்லோடு என்பது ஒரு கிளை முழுவதற்கும் சேர்த்து. அதைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அதற்கும் மேலே உள்ள வழி நிரம்பினாலும் இப்படித்தான் ஆகும். இது கம்பெனி சரிசெய்ய வேண்டியது.

மாதக் கடைசியில் மட்டும் நாள் முழுக்க மெதுவானால் மாத எல்லை தாண்டியிருக்கும். கம்பெனி செயலியில் பாருங்கள்.

தினமும் ரவுட்டரை அணைத்துப் போட வேண்டுமா?

வேண்டாம். தினமும் அணைத்துப் போட்டால்தான் ஓடுகிறது என்றால் அது சூடாகிறது, அல்லது அடாப்டர் பலவீனமாகிவிட்டது. முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

மழை, புயல் நேரத்தில்?

2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் நம்முடையது. கம்பமே சாயும்போது ரவுட்டர் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சாதாரண மழையில் கரண்ட் போகும்போது லைன் உயிரோடு இருக்கலாம். பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், அடாப்டரில் உள்ள ஆம்பியர் பொருந்துகிறதா பார்த்து வாங்குங்கள். பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. செட்டிங்கைத் தொடாதீர்கள், புகார் கொடுங்கள். இடி இடிக்கும்போது மொட்டை மாடி வழியாக வரும் செம்புக் கேபிளைக் கழற்றி விடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு எத்தனை எம்பிபிஎஸ் போதும்?

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15, முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். வீடியோ மீட்டிங்குக்கு இரண்டு பக்கமும் 3, 4 வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் ஒரு 4கே, இரண்டு போனில் எச்டி, ஒரு மீட்டிங் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30-ஐத் தாண்டாது. ஐந்து பேர் வீட்டுக்கு 100 தாராளம். பிளானைத் தேர்ந்தெடுக்கும்போது அப்லோடு எவ்வளவு என்று வாயைத் திறந்து கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது டவுன்லோடை மட்டும்தான்.

கம்பெனிக்குப் புகார் கொடுத்தால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். எப்படிப் பேசுவது?

"நெட் ஸ்லோ" என்று சொன்னால் அந்தப் பதில்தான் வரும். எனக்கும் ஒரு கம்பெனியில் மூன்று வாரம் அதே பதில் வந்தது. பிறகு இப்படிச் சொன்னேன்: "கேபிளில் ஒரே ஒரு லேப்டாப். வைஃபை அணைத்திருக்கிறேன். காலை 7 மணிக்கு 96, ராத்திரி 9 மணிக்கு 14. ஐந்து நாள் படம் எடுத்து வைத்திருக்கிறேன்." மறுநாளே ஆள் வந்தார். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்பீடு டெஸ்ட்டைப் படம் எடுத்து வையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். குறிப்பிட்ட நாளில் சரிசெய்யவில்லை என்றால் அந்த எண்ணை வைத்துத்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். வருகிற டெக்னீஷியனிடம் ஃபைபர் முனையில் ஒளியின் அளவை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரில் மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் அளவு) வாக்கில் இருந்தால் நன்றாக இருக்கிறது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் வழியில் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது ஒட்டு சரியில்லை, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும்.